மின்விசை மேசை

ஒதியம்பட்டு
2.7.2025

அன்புள்ள மாமாவுக்கு, செல்வகுமாரி எழுதுவது. பிள்ளை மணிபாரதிக்கு நான்கு நாளாக இருமல், மற்றபடி இங்கே ஒரு குறையும் இல்லை. உங்களுக்குத் தோள்பட்டை வலி இப்போது எப்படி இருக்கிறது? திருப்பூர் கம்பெனியில் மிஷின் ஸ்டூலை இரண்டு இன்ச் உயர்த்திப் போட்டுக்கொள்ளச் சொன்னேனே, போட்டீர்களா இல்லையா?

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். இரண்டு காரணம். ஒன்று, இதனுடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். வீட்டு வரி உங்கள் பேரில் இருப்பதால், பக்கத்துக் கொட்டகையில் நான் தொழில் நடத்த உங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று நீங்கள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். போட்டோ பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினால் செல்லாது, பேனாவால் போட்ட கையெழுத்துதான் வேண்டும் என்று வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் சொல்லிவிட்டார்கள். இன்னொன்று, போனில் பேசினால் நீங்கள் பாதியிலேயே வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்தாலும் மீதி அதற்குள்ளேயேதான் இருக்கும்.

திருப்பூரில் நம் காம்பவுண்டு தையலம்மாள் அக்கா நாலு மிஷின் போட்டது நினைவிருக்கிறதா? கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். அந்த வாரமே லைசென்ஸ் கையில். எனக்கு இது வில்லியனூருக்கு மூன்றாவது நடை. ஆனால் குற்றம் ஆபீஸ்காரர்கள் மேல் மட்டும் இல்லை, உங்கள் மேலும் இருக்கிறது. விண்ணப்பத்தில் ‘தொழிலின் வகை’ என்ற இடத்தில் தையல் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நீங்கள்தான் போனில், “தையல்னு எழுதாதடி, ஜாக்கெட் தைக்கிற கடைன்னு நினைச்சிப்பான், பவர் டேபிள்னு எழுது, அப்பதான் ஒரு மதிப்பு” என்றீர்கள். புருஷன் சொல் கேட்டு நடக்கிறவளாயிற்றே நான். எழுதிவிட்டேன்.

திருப்பூரில் பவர் டேபிள் என்றால், மோட்டார் பூட்டிய தையல் மிஷின் என்று பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். இங்கே கவுன்ட்டரில் இருந்தவர் அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறையும் படித்தார். பவர் என்றால் கரண்டுதானே, அப்படியானால் இது கடை இல்லை, தொழிற்கூடம் என்று சொல்லி வேறொரு ஃபாரத்தைக் கொடுத்துவிட்டார். அதில் கட்டட வரைபடம் கேட்கிறார்கள், அக்கம்பக்கத்தார் சம்மதம் கேட்கிறார்கள், நெருப்புப் பிடித்தால் என்ன செய்வாய் என்றுகூடக் கேட்கிறார்கள். தையல் மிஷின்தான் சார், எங்கள் வீட்டு மிக்சி இழுக்கிற கரண்ட்கூட இழுக்காது என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியென்றால் டேபிள் என்று ஏன் எழுதினாய் என்று கேட்டார். அதற்குப் பதிலை நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்களிடம் இருந்தால் எழுதி அனுப்புங்கள்.

உங்கள் சிநேகிதர் உலகநாதன் கண்டமங்கலத்தில் இடம் காட்டுகிறேன் என்றாராமே, அங்கேயும் போய் விசாரித்தேன். வில்லியனூரில் பஸ் ஏறினால் இறங்குவது தமிழ்நாட்டில். அதே பஸ்ஸில் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தால் திருபுவனை, மறுபடியும் பாண்டி. கண்டமங்கலத்தில் ஃபாரம் வேறு, கேட்கிற சான்று வேறு, என் ரேஷன் கார்டைப் பார்த்துவிட்டு நீ பாண்டிக்காரி ஆயிற்றே என்று ஒரு கேள்வி வேறு. பவர் டேபிள் என்றால் அங்கேயும் யாருக்கும் தெரியவில்லை. மாநிலம் வேண்டுமானால் திருப்பூர் இருக்கிற மாநிலம், ஊர் திருப்பூர் இல்லையே. அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

ஆவணி முடிவதற்குள் லைசென்ஸ் வராவிட்டால் இரண்டு மிஷினையும் விற்றுவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்கே வந்துவிடு என்று போன வாரம் சொன்னீர்கள். மிஷினை வாங்க ஆள்கூடப் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். மணிபாரதிக்கு நாளைக்குப் பாண்டிச்சேரி கோட்டாவில் காலேஜ் சீட்டுக் கேட்க வேண்டுமானால், அவள் தொடர்ந்து ஐந்து வருடம் இங்கே குடியிருந்ததாகச் சான்று வேண்டும். அதற்காகத்தானே ஏழாம் வகுப்பில் இங்கே கொண்டுவந்து சேர்த்தோம். இப்போது ஒன்பதாவது. நடுவில் பிடுங்கி நட்டால் இந்த இரண்டு வருடமும் வீண். நான் வருவதாக இல்லை மாமா. லைசென்ஸ் வந்ததும் நீங்கள் வேலையை விட்டுவிட்டு வருவது என்றுதான் நாம் பேசிக்கொண்டது.

கையெழுத்தை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். இரண்டு நாளில் வந்துவிடும்.

உங்கள் வரவை வேண்டும்
செல்வகுமாரி


ஒதியம்பட்டு
5.8.2025

அன்பும் மதிப்பும் உள்ள மாமாவுக்கு, உங்கள் மனைவி எழுதுகிறேன். மணிபாரதிக்கு இருமல் விட்டது. உங்களிடமிருந்து தாள் இன்னும் வரவில்லை.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையைக் கேளுங்கள். போன வாரம் நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வண்டியை நிறுத்தி, பையன் படிக்க ஒரு மேசை வேண்டும், இழுப்பறை வைத்துச் செய்வீர்களா என்று கேட்டார். மறுநாள் ஊதுபத்தி விற்கிற அம்மா வந்து ஸ்டூல் கேட்டது. ஊரே என்னைத் தச்சராக்கிவிட்டதே, என்ன கூத்து இது என்று ஒன்றும் புரியவில்லை. ஆபீசுக்குப் போனபோதுதான் தெரிந்தது. அங்கே அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியிருக்கிறார்கள். ஒதியம்பட்டில் திருமதி செல்வகுமாரி என்பவர் ‘மின்விசை மேசை’ தொழிற்கூடம் அமைக்க உத்தேசித்துள்ளார், ஆட்சேபம் உள்ளவர்கள் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்கலாம் என்று அதில் இருக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் பவர் டேபிளைச் சுத்தமான தமிழில் பெயர்த்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அழுகை வந்த காரணம் நம் பக்கத்து வீட்டு சாமிநாதன் பெரியப்பா. அவருக்கு இழுப்பு நோய் உங்களுக்குத் தெரியும். மரம் அறுக்கிற மிஷின் வருகிறது, மரத்தூள் பறக்கும், ராத்திரி பகல் சத்தம் கேட்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, ஆட்சேப மனு கொடுத்துவிட்டார். நேரில் போய்ச் சொன்னேன். மரமும் இல்லை, தூளும் இல்லை, துணிதான் தைக்கப்போகிறேன் என்றேன். “கவுருமெண்டே மேசைன்னு ஒட்டியிருக்குது, நீ இன்னாம்மா துணின்றே” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ராத்திரி அவர் மூச்சு விடப் படும் பாடு நம் வீட்டுச் சுவர் வரைக்கும் கேட்கிறது.

இந்த விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிவிட்டுத் தையல் கடை என்று புதிதாகப் போடுங்கள் என்று ஆபீசில் ஒரு யோசனை சொன்னார்கள். புதிதாகப் போட்டால் வரிசையில் கடைசி. ஆவணி போய் ஐப்பசி வந்துவிடும். அதனால் மாட்டேன் என்றேன். பெயர்தான் தப்பு, தொழில் தப்பில்லை, நேரில் வந்து மிஷினைப் பாருங்கள், பார்த்த பிறகு எது என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று மனு எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரையும் குத்தி வாங்கி வந்திருக்கிறேன். கவுன்ட்டர்காரர் இப்போது என்னைப் பார்த்ததும், வாம்மா மேசை என்கிறார். கூப்பிடட்டும்.

திருபுவனையில் ஒரு கம்பெனி, தொழிலாளிகளுக்குச் சட்டை தைத்துத் தர ஆள் தேடுகிறது. மாதிரிக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தேன். காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், பிடித்துவிட்டது. லைசென்ஸ் காகிதத்தைக் கொண்டுவா, வேலையைக் கொடுக்கிறோம் என்றார்கள். அந்தக் காலர் நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அவர்கள் பாராட்டியபோது உங்களைத்தான் நினைத்தேன்.

இப்போது பாக்கி உங்கள் கையெழுத்து ஒன்றுதான். அது இல்லாமல் பார்வையிடவே வரமாட்டார்களாம். ஒரு மாதமாக நாலு விரற்கடைக் கையெழுத்துக்கு என்ன தடை என்று நான் கேட்கப்போவதில்லை. தாள் தொலைந்திருந்தால் என்று இன்னொன்று வைத்திருக்கிறேன். பேனா இருக்காது என்று நினைத்துப் பேனாவும் வைக்கலாம் என்று பார்த்தேன், கவரில் நுழையவில்லை.

சித்திரையில் வந்துவிட்டுப் போனவர், ஆடிப்பெருக்குக்கும் வரவில்லை. மணிபாரதி கேட்டாள். லீவு இல்லை என்றேன்.

தோள்பட்டைக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள்.

செல்வகுமாரி


ஒதியம்பட்டு
11.9.2025

என் அன்பு மாமாவுக்கு, செல்வகுமாரி சந்தோஷமாக எழுதும் கடிதம்.

நீங்கள் அனுப்பிய தாள் ஆவணி பிறந்த இரண்டாம் நாள் வந்தது. கவரைத் தட்டிப் பார்த்தேன், உள்ளே விரலை விட்டும் பார்த்தேன். ஒரு வரி எழுதவில்லை நீங்கள். ஆனால் கையெழுத்தைச் சுருக்காமல் கலைவேந்தன் என்று முழுப்பெயரும் போட்டிருந்தீர்கள், ஓரத்தில் மிஷின் எண்ணெய்க் கறை இருந்தது. வேலைக்கு நடுவில் போட்டிருக்கிறீர்கள் என்று புரிந்துகொண்டேன். கொடுத்துவிட மனம் வராமல் ஒரு ராத்திரி வீட்டிலேயே வைத்திருந்துவிட்டு, மறுநாள்தான் ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

போன வியாழக்கிழமை பார்வையிட வந்தார்கள். ருக்குமணி என்று ஓர் அம்மா, கூட ஒரு உதவியாளர். சாமிநாதன் பெரியப்பாவும் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, தூள் பறந்தால் பிடித்துக்கொடுப்பதற்கு வந்து நின்றார். நான் பிளக்கைச் சொருகி ஒரு சட்டைக் கையை எடுத்துத் தைக்க உட்கார்ந்தேன். அந்த அம்மா குனிந்து மோட்டாரைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். ஒரு கை முடித்து இன்னொரு கையையும் முக்கால்வாசி முடித்திருப்பேன். பெரியப்பா பொறுமை இழந்து, “எப்பம்மா ஆரம்பிப்பே, எனக்கு வேலை கிடக்குது” என்றார். ஆரம்பித்துக் கால் மணி நேரம் ஆகிறது பெரியப்பா என்றேன். அவர் கிட்டே வந்து மிஷின் மேல் கையை வைத்துப் பார்த்தார். துண்டை அவிழ்த்தார். “இதுக்கா நான் மனு குடுத்தேன்” என்று சொல்லி, அங்கேயே ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். இரண்டு வேட்டிக்கு ஓரம் அடித்துத் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

ருக்குமணி அம்மா கடைசிவரைக்கும் சிரிக்கவில்லை, ஆனால் நல்லவர். நானும் பிழைக்க மும்பை, ஓசூர் என்று போய்வந்த குடும்பந்தான், ஒவ்வொரு ஊரிலும் ஒரே வேலைக்கு ஒவ்வொரு பேர் என்றார். பிறகு ஃபாரத்தைப் புரட்டிக்கொண்டே, “மிஷின் ரெண்டு, வேலை செய்றவங்க ரெண்டுன்னு போட்டிருக்கே, நீ ஒருத்திதானே இருக்கே, இன்னொருத்தர் எங்க?” என்று கேட்டார். வீட்டுக்காரர் அம்மா, திருப்பூரில் இருக்கிறார், வருகிறார் என்றேன். எப்போது என்று கேட்டார். நிச்சயம் இல்லையென்றால் ஒன்று என்று திருத்திவிடலாம், ஒன்றும் தப்பில்லை என்று பேனாவையும் நீட்டினார்.

மாமா, அந்தப் பேனாவைக் கையில் வாங்கினேன். திருத்துவது ஒரு நொடி வேலை. பேனா முனையை அந்த இரண்டின் மேல் கொண்டுபோனேன். கொட்டகை வாசலில் மணிபாரதி நின்றுகொண்டிருந்தாள். நான் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆவணிக்குள் வந்துவிடுவார் என்றேன். எனக்கு நீங்கள் கொடுத்த கெடு அதுதானே, வேறு எந்த மாதமும் என் வாயில் வரவில்லை. அந்த அம்மா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு என்பதற்குக் கீழே ஒரு கோடு போட்டுத் தன் கையெழுத்தை வைத்தார்.

நேற்று லைசென்ஸ் வந்துவிட்டது. தொழிலின் வகை: தையல் நிலையம். வருகிற மார்ச் வரைக்கும் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். அறிவிப்புப் பலகையில் மின்விசை மேசைத் தாள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கிழித்துத் தரச் சொல்லிக் கவுன்ட்டர்காரரிடம் கேட்டு வாங்கி வந்தேன். கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன், வந்து பாருங்கள், நீங்கள் சொல்லி எழுதியதன் லட்சணத்தை.

திருபுவனைக் கம்பெனியிலிருந்து துணிக்கட்டு திங்கட்கிழமை வருகிறது. ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷினில் நான் உட்கார்ந்துகொள்வேன். காலர் தைக்கிற சிங்கிள் நீடில் மிஷின் உங்களுடையது. காலர் அத்தனையும் நானே தைத்தால் அந்தச் சுத்தம் வராது. உங்கள் ஸ்டூலுக்குக் கீழே இரண்டு இன்ச் கட்டை வைத்து ஆணி அடித்துவிட்டேன், தோள்பட்டைக்கு அதுதான் சரி. திருவிழாவுக்கு வந்துபோகிற ஆள் மாதிரி வர வேண்டாம். பெட்டியோடு வாருங்கள்.

அங்கே வேலை பிடித்திருக்கிறது, இங்கே வந்து என்ன செய்வது என்ற யோசனை உங்களுக்கு இருந்தால், அதை நேரில் வந்து, அந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு சொல்லுங்கள். கேட்டுக்கொள்கிறேன். போனில் சொல்லாதீர்கள்.

ஆவணிக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. இரண்டு பேர் என்று சர்க்கார் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன் மாமா. என்னைப் பொய் எழுதினவளாக ஆக்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு
இருவரில் ஒருத்தி,
செல்வகுமாரி