சீழ் பிடிக்காத புண்

14 பிப்ரவரி 2024, புதன்

பையனுக்கு இன்றோடு இருபத்தைந்து நாள். தொப்புள்கொடி இன்னும் விழவில்லை. மூத்தவள் கார்த்திகாவுக்கு ஏழாம் நாளே விழுந்தது.

எங்கள் வீட்டில் கொடி விழுந்த பிறகுதான் பெயர் வைப்பது. விழுந்த கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டுவார்கள். அக்கா தாயத்தை வாங்கி வந்து மூன்று வாரமாகிறது. பீரோவில் கிடக்கிறது.

நாகஜோதி அக்கா எனக்கு மாமியாரும்கூட. அவள் மகள் பாண்டீஸ்வரியைத்தான் எனக்குக் கட்டி வைத்தாள். நாலு பேர் முன்னால் "மாப்பிள்ளை" என்பாள். வீட்டுக்குள் "ஏலே பாலா"தான்.

எட்டு மணி பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர். லேபில் முப்பத்தொரு சாம்பிள்.

18 பிப்ரவரி, ஞாயிறு

தொப்புளைச் சுற்றி லேசாகச் சிவந்து ஈரமாக இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று அக்கா கேட்டாள். டார்ச் அடித்துப் பார்த்தேன். சீழ் இல்லை. நாற்றமும் இல்லை. "சீழ் வைக்கலைல்லா, பயப்பட ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டேன். பதினாலு வருஷமாக ரத்தம் பார்க்கிறவன். வீட்டில் நான்தான் பாதி டாக்டர். யாரும் மறுபேச்சு பேசவில்லை.

25 பிப்ரவரி

கொடி விழவில்லை.

4 மார்ச், திங்கள்

காய்ச்சல். சிவப்பு வயிறு வரை பரவியிருக்கிறது. லேபுக்குத் தூக்கி வரச் சொல்லி நானே ஊசி போட்டு ரத்தம் எடுத்தேன். 

வெள்ளையணு 68,000. இந்த வயதில் இருபதாயிரத்தைத் தாண்டக் கூடாது. மெஷின் கோளாறு என்று நினைத்தேன். நேர்ப்படுத்தி மறுபடி ஓட்டினேன். 67,400. ஸ்லைடு போட்டேன். ஃபீல்டு முழுக்க நியூட்ரோஃபில். கிருமியோடு முதலில் சண்டைக்குப் போகிற வெள்ளையணு வகை. பண்டிகைக் கூட்டம் மாதிரி.

பிறகு தொப்புளில் கசிந்த நீரைத் தொட்டு இன்னொரு ஸ்லைடு போட்டேன். அதில் கிருமி இருந்தது. வெள்ளையணு ஒன்றுகூட இல்லை.

ரத்தத்தில் அத்தனை பேர். புண்ணில் ஒருவரும் இல்லை. ஏன்?

5 மார்ச், மதுரை

டாக்டர் பியூலா இரண்டு ஸ்லைடையும் பார்த்தார். என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "கொடி எத்தனாவது நாள் விழுந்துச்சு?" இன்றைக்கு நாற்பத்தைந்து, இன்னும் விழவில்லை என்றேன். அடுத்தது: "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

பாண்டீஸ்வரி சொன்னாள், "டாக்டர், இவிய எங்க மாமாதான். அம்மாகூடப் பெறந்தவிய."

அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். சீழ் என்பது செத்த வெள்ளையணுக்களின் குவியல், அவை வந்து சண்டை போட்டதற்கு அடையாளம் என்றார். எனக்குத் தெரியாததா? பரீட்சையில் எழுதியிருக்கிறேன். சொந்தப் பிள்ளையின் வயிற்றில் பார்த்தபோது மறந்துவிட்டேன். என் வாய்ச்சொல்லால் பதினைந்து நாள் வீணாய்ப் போனது.

8 மார்ச்

வார்டில் மருந்து ஏறுகிறது. கொடியை ஆபரேஷனில் எடுத்துவிட்டார்கள். எங்கே போட்டார்கள் என்று அக்கா நர்ஸிடம் கேட்டிருக்கிறாள். குப்பையோடு போய்விட்டதாம்.

15 மார்ச், வெள்ளி

ரிசல்ட் வந்தது. வெள்ளையணுவின் மேல் சிடி18 என்ற புரதம் கிட்டத்தட்ட எல்லா அணுவிலும் இருக்க வேண்டும். இவனுக்கு நூற்றுக்கு ஒன்றில்கூட இல்லை.

எழுதி வைத்தால்தான் எனக்கே பிடிபடுகிறது. எங்காவது புண்ணானால் அங்குள்ள ரத்தக்குழாயின் உள்சுவர் ஒட்டும் புரதங்களை நீட்டுகிறது. ஒரு வகை, ஓடி வரும் வெள்ளையணுவை லேசாகத் தொட்டு வேகத்தைக் குறைக்கும். அணு சுவரோரமாக உருளும். அடுத்த வகையை அணு தானே இறுகப் பிடித்து நிற்க வேண்டும். நின்றால்தான் சுவரின் இடுக்கில் நெளிந்து புண்ணுக்குள் இறங்க முடியும். பிடிக்கிற கைதான் சிடி18. இவனுடைய அணுக்கள் உருளுகின்றன. நிற்கவில்லை.

பாண்டீஸ்வரிக்குப் பஸ்ஸை வைத்துச் சொன்னேன். ஸ்டாப்பில் பஸ் மெதுவாகிறது, இறங்க வேண்டியவர்களுக்குக் கம்பியைப் பிடிக்கக் கை இல்லை என்று.

"அப்ப பஸ்ஸுக்குள்ளயே கூட்டம் சேந்துக்கிட்டே இருக்கும்லா மாமா" என்றாள்.

அறுபத்தெட்டாயிரத்துக்கு விளக்கம் அதுதான். நான் இரண்டு நாள் புத்தகம் புரட்டியது வீண்.

2 ஏப்ரல்

ஜீன் ரிப்போர்ட். எனக்கும் பாண்டீஸ்வரிக்கும் ஒரே இடத்தில் ஒரே பழுது. அக்காவுக்கும் உண்டு. எங்கள் அப்பாவிடமோ அம்மாவிடமோ இருந்து அக்காவுக்கும் எனக்கும், அக்காவிடமிருந்து அவளுக்கு. ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றும் செய்யாதாம். பையனுக்கு இரண்டு பக்கமும் வந்துவிட்டது.

அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "வெளிய குடுத்தா புள்ள கஷ்டப்படும்னுதானல ஒனக்குக் கட்டி வச்சேன்."

கல்யாணத்தன்று எல்லோரும் ஒரே ரத்தம், ஒரே ரத்தம் என்று மெச்சிக்கொண்டார்கள். நானும்தான்.

11 ஏப்ரல்

வீட்டுக்கு வந்தாயிற்று. தினமும் மருந்து. எங்களைத் தவிர யாரும் தூக்கக் கூடாது. அக்கா பெயர் வைக்கும் பேச்சை எடுத்தாள். பாண்டீஸ்வரி, "வேண்டாம்மா" என்றாள். கௌதம்ராஜ் என்ற பெயரை நாலு வருஷமாக எடுத்து வைத்திருப்பவள் அவள். ஏன் என்று நான் கேட்கவில்லை. பெயர் வைத்துவிட்டால் அந்தப் பெயரைச் சொல்லி அழ வேண்டி வரும் என்று நினைக்கிறாள். எனக்கும் அதே பயம்தான்.

எல்லாச் சீட்டிலும் 'பேபி ஆஃப் பாண்டீஸ்வரி'.

20 மே

எலும்பு மஜ்ஜை மாற்றினால்தான் பிழைப்பான். என்னுடையது அவனுக்குச் சேரவில்லை. பாண்டீஸ்வரியுடையதும் இல்லை. கார்த்திகாவுடையது சேர்ந்திருக்கிறது. ஆறு வயது. அவளுக்குப் பாதிப் பழுது உண்டு, ஆனால் பிடிக்கிற கை போதுமான அளவு இருக்கிறதாம்.

"தம்பிக்கு என் ரத்தத்தைக் குடுத்தா எனக்குத் தீந்து போவுமாப்பா?" என்று கேட்டாள். தீராது என்றேன். "அப்பக் குடுப்பேன்."

19 செப்டம்பர், சென்னை

இன்று கார்த்திகாவின் மஜ்ஜையை ஏற்றினார்கள். ஒரு பை. நாலு மணி நேரம்.

27 செப்டம்பர்

வெள்ளையணு 100. இவனுடைய மஜ்ஜையை மருந்தால் அழித்துவிட்டார்கள், கார்த்திகாவுடையது இன்னும் முளைக்கவில்லை. இவனுக்கு இவ்வளவு குறைவாக நான் பார்த்ததே இல்லை. காய்ச்சல்.

அக்கா மணிக்கொரு தரம் போன் போட்டு எவ்வளவுல இருக்குன்னு கேட்டுக்கிட்டு இருந்தா. ஒவ்வொரு தடவையும் நூறுன்னே சொன்னேன்.

12 அக்டோபர்

1,900. ஏறுகிறது.

6 டிசம்பர்

சிடி18, நூற்றுக்கு எண்பத்தொன்று. அணுக்கள் கார்த்திகாவுடையவை. டாக்டர்கள் கை குலுக்கினார்கள். பாண்டீஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. "பேப்பர்ல இருக்கு. ஒடம்புல பாக்கணும்லா" என்றாள். சரிதான்.

29 மார்ச் 2025, சனி, ராஜபாளையம்

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். "மாமா, இங்க வாங்க" என்று பாண்டீஸ்வரி கூப்பிட்டாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. பையன் மடியில் உட்கார்ந்து சிணுங்கிக்கொண்டிருந்தான். வலது கட்டைவிரலில் நகச்சுற்று. நகத்தோரம் வீங்கி, நடுவில் மஞ்சளாக ஒரு முனை.

"என்னது அது, சொல்லுங்க" என்றாள்.

டாக்டர் பியூலாவுக்குப் படம் அனுப்பினேன். மருந்து சொன்னார். சொல்லிவிட்டு, "பாலகணேஷ், அது சீழ்தான்" என்றார். அழுகிறவர் குரல் மாதிரி இருந்தது. எனக்கு அப்படிக் கேட்டதோ என்னவோ.

பாண்டீஸ்வரி போனில் கத்துகிறாள்: "அம்மா, சீழ் வச்சிருக்கும்மா." எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, புண்ணுக்கா இந்தக் கொண்டாட்டம் என்ற முகத்தோடு உள்ளே போனார்.

முனை தானே உடைந்தது. பையிலிருந்த ஸ்லைடில் ஒரு சொட்டு எடுத்தேன். ஓரத்தில் பழக்கத்தில் 'பேபி ஆஃப்' என்று பென்சிலால் எழுதப் போனேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேரை எழுதுங்க மாமா."

எழுதினேன். பா. கௌதம்ராஜ். ஒரு வயது இரண்டு மாதம்.

லேபில் மற்ற வேலையெல்லாம் முடித்துவிட்டுத்தான் அதை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஃபீல்டு முழுக்க நியூட்ரோஃபில். ஒன்றின்மேல் ஒன்று, உடைந்தும் உடையாமலும்.

எண்ணவில்லை.