அம்மா வாங்கிய எண்பத்தொன்று

பிப்ரவரி 3, செவ்வாய்

இதை யார் கண்டெடுத்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், இந்த வரியோடு மூடிவிடுங்கள். மூட மனம் வரவில்லையென்றால் படித்துக்கொள்ளுங்கள், ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் கண்டிப்பாக வேண்டாம். அப்பாவிடம் காட்டினால் அம்மாவிடம் காட்டியது போலத்தான். மாமாவிடம் காட்டினால் ஊருக்கே காட்டியது போல.

இன்று அம்மாவை மறுபடி மருத்துவரிடம் அழைத்துப்போனார்கள். கழுத்தில் கட்டி எடுத்த இடத்துத் தையல் நன்றாக ஆறிவிட்டதாம். அந்தக் கட்டியில் கெட்டது ஒன்றும் இல்லை என்று போன மாதமே சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்த அறுவைசிகிச்சையோடு போன குரல்? "வரலாம்" என்றாராம். வரும் என்று சொல்லவில்லை. அப்பா இரண்டும் ஒன்றுதான் என்கிறார். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்க்கிறார்.

அம்மாவுக்குப் பல் மருத்துவமனையில் தொலைபேசி எடுக்கிற வேலை. நாள் முழுக்கப் பேச்சு. வலியில் கத்துகிறவர்களைக்கூடக் குரலாலேயே உட்கார வைத்துவிடுவாள் என்று அங்கிருக்கும் டாக்டர் சொல்வாராம். இப்போது அவள் வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. நடுவில் தகர டப்பாவைத் தரையில் இழுத்தது போல ஒரு கரகரப்பு, அப்புறம் அதுவும் இல்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அக்கா தினமும் 'ம்ம்ம்' என்று முனகச் சொல்லியிருக்கிறார். அம்மா மாட்டேன் என்கிறாள். அந்தச் சத்தத்தைக் கேட்க அவளுக்கே பிடிக்கவில்லை போலிருக்கிறது.

வேலையை யாருக்காவது கொடுத்துட்டாங்கன்னா? குரல் வரவே வரலன்னா? பயமா இருக்கு.

பிப்ரவரி 5, வியாழன்

சாயங்காலம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. அவரிடம் ரகசியம் சொல்வதும் ஒலிபெருக்கியில் அறிவிப்பதும் ஒன்று என்பதால் வீட்டில் அவர் பெயர் 'ஸ்பீக்கர்'. கையில் ஒரு பெட்டி. டிவியில் பொருத்திப் பாடுகிற விளையாட்டு. சிவப்பு மைக் ஒன்று, நீல மைக் ஒன்று.

திரையில் பாட்டு வரிகள் ஓடுகின்றன. அதற்கு மேலே மேடும் பள்ளமுமாகக் கோடுகள். சுருதி சேர்ந்தால் ஒரு குருவி கோட்டின் மேலேயே பறக்கும். பிசகினால் விழும். கடைசியில் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண்.

மாமா பாடியபோது குருவி தரையில் நடந்தது. முப்பத்திரண்டு. அப்பா பாடியபோது குருவியையே காணோம். பத்தொன்பது. மைக்கில் ஏதோ கோளாறு என்று அப்பா அதைத் தட்டிப் பார்த்தார்.

"மச்சான், கோளாறு மைக்குக்கு அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்" என்றார் மாமா.

அம்மா சிரித்தாள். சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. பிறகு யாரும் கேட்காமலே சிவப்பு மைக்கை எடுத்தாள். அவள் துணி மடிக்கும்போதெல்லாம் பாடுகிற மழைப் பாட்டு. குருவி அசையவே இல்லை. பூஜ்யம்.

மைக்கைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள். துடைத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. இனிமேல் இது அடுத்தவருக்கு என்பது போல.

பிப்ரவரி 8, ஞாயிறு

அம்மா மதியம் தூங்கியபோது விளையாட்டைக் குடைந்தேன். இரண்டு விஷயம் கண்டுபிடித்தேன்.

அதற்கு வார்த்தை வேண்டாம். மூடிய வாயோடு முனகினாலும் சுருதி சரியாக இருந்தால் குருவி பறக்கிறது. இதை அம்மாவிடம் சொன்னேன். இது பொய்யில்லை.

சின்னப் பிள்ளைகள் சேர்ந்து பாடுவதற்காக இரண்டு மைக்கின் பாட்டையும் ஒரே ஆளின் பெயரில் சேர்த்துவிட விளையாட்டில் ஓர் இடம் இருக்கிறது. இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 11, புதன்

இன்று ஒரு காரியம் செய்தேன்.

பாட்டின் சத்தத்தைக் கூட்டி, மைக்கின் சத்தம் டிவியில் வராதபடி வைத்தேன். அம்மாவைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தேன். பாத்திரம் கழுவப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, நீல மைக்கைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவள் முனக, நானும் அடிக்குரலில் பாடினேன்.

குருவி எழுந்தது. அம்மாவின் முதுகு நிமிர்ந்ததை இங்கிருந்தே பார்த்தேன். நாற்பது.

அடுத்த பாட்டும் அவளே வைத்தாள். அப்புறம் இன்னொன்று. கடைசியில் எண்பத்தொன்று. அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த அப்பா, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அம்மா இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள்.

தப்புன்னு தெரியும். ஆனா அவ வாயைத் திறந்தா. அதுக்கு நான் இந்தக் குருவிக்கு ஆயுசு முழுக்கக் கடமைப்பட்டிருக்கேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

எல்லாம் போச்சு.

அப்பா மாமாவிடம் சொன்னார். ஸ்பீக்கர் சும்மா இருக்குமா? பல்லைச் சுத்தம் செய்துகொள்ள அம்மாவின் மருத்துவமனைக்கே போன இடத்தில், எங்கள் அக்கா நூற்றுக்கு எண்பத்தொன்று வாங்குகிறாள், குரல் மணி மாதிரி வந்துவிட்டது என்று டாக்டரிடமே அளந்துவிட்டு வந்திருக்கிறார். டாக்டருக்கு ஒரே சந்தோஷமாம். வருகிற வாரத்துக்கு அடுத்த திங்கள் வந்து தொலைபேசியில் உட்கார்ந்து பாருங்கள், முடிந்தால் தொடரலாம், முடியாவிட்டால் தற்காலிகமாக வந்திருக்கும் பெண்ணையே நிரந்தரமாக்கிவிடுகிறேன் என்று அம்மாவுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்.

அம்மா சரி என்று பதில் போட்டுவிட்டாள்.

அந்த எண்பத்தொன்றில் அவளுடையது எவ்வளவு, என்னுடையது எவ்வளவு? எனக்கே தெரியாது. போனை எடுத்து வாயைத் திறந்து காத்துதான் வந்துச்சுன்னா? அங்க கதவுக்குப் பின்னாடி நான் இருக்க மாட்டேனே.

பிப்ரவரி 14, சனி

சொல்லிவிட வேண்டும். சொல்லவில்லை. தலைவலி என்று பொய் சொல்லிப் படுத்திருந்தேன். அது இன்னொரு பொய்.

பிப்ரவரி 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன். சொல்லப்போனேன் என்பதுதான் சரி.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன். "அம்மா, அந்த மார்க் இருக்குல்ல..." என்றதும் அழுகை வந்துவிட்டது. அம்மா அப்பாவின் சட்டையை மடித்து முடித்தாள். பிறகு அந்தக் காற்றுக் குரலில் கேட்டாள்.

"நீல மைக்கா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

முதல் நாளே தெரியுமாம். மூச்சு வாங்க அவள் நிறுத்திய இடத்திலும் குருவி அது பாட்டுக்குப் பறந்துகொண்டிருந்ததாம். அது போதாதென்று, உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு கரண்டிகூடக் கழுவியிருக்கவில்லையாம்.

"அவ்வளவு நேரம் பாத்திரம் கழுவின பொண்ணு குழாயைத் தொறக்கவே இல்லையேடி."

அப்புறம் ஏன் கேட்கவில்லை என்றேன். கழுத்துத் தழும்பின் மேல் கையை வைத்தாள்.

"தனியா அந்தச் சத்தத்தைக் கேக்க எனக்குப் பயமா இருந்துச்சு. பின்னால நீ நிக்கிறேன்னு தெரிஞ்சதாலதான் வாயைத் தொறந்தேன்."

அம்மாவுக்கும் பயமா. இத்தனை நாளும் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை போக வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றேன். போகத்தான் போகிறேன் என்றாள். மாமாவைக் கோபித்துக்கொள்ளவும் இல்லை. அவன் அளக்காவிட்டால் பயந்துகொண்டே வருஷத்தை ஓட்டியிருப்பேன் என்றாள். பிறகு என் கையாலேயே நீல மைக்கை அவள் பெயரிலிருந்து எடுக்கவைத்தாள்.

"பக்கத்துல உக்காரு. பாடாத."

பதினொன்று. அவளே வாங்கியது.

பிப்ரவரி 17, செவ்வாய்

ஒன்பது. இறங்கிவிட்டது. பயிற்சி அக்கா, அப்படித்தான் ஏறி இறங்கும், குரலை நசுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள் என்றாராம். அம்மா அதற்குமேல் பாடவில்லை. நான் உள்ளங்கையைக் கடித்துக்கொண்டு பாடாமல் இருந்தேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

இருபத்திரண்டு! அப்பாவின் பத்தொன்பதைத் தாண்டிவிட்டாள். அப்பா மறு தேர்வு கேட்டார். பதினேழு வாங்கினார். அம்மா சிரித்தாள். சிரிப்பின் நடுவே ஒரு துளி சத்தம் வந்தது, கீச்சென்று. மூன்று பேரும் அப்படியே நின்றுவிட்டோம். அப்பா அடுத்த பாட்டை இன்னும் மோசமாகப் பாடினார். வேண்டுமென்றே பாடினாரா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அப்பா, நீங்க ரொம்ப நல்லவர்.

பிப்ரவரி 23, திங்கள்

பள்ளிக்கூடத்தில் ஒரு பாடமும் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு ஓடி வந்தேன். அம்மா காலை நீட்டி உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

முதல் அழைப்பில் காற்றுதான் வந்ததாம். அந்தப் பக்கம் ஹலோ ஹலோ என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்களாம். டாக்டர் பார்த்துக்கொண்டு நின்றாராம். அம்மா கண்ணை மூடி, பாட்டு தொடங்குவதற்கு முன் செய்வது போல 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் எடுத்து, அதன் மேலேயே அடுத்த வணக்கத்தை ஏற்றிவிட்டாளாம். கரகரவென்றுதான் வந்ததாம். ஆனால் வந்ததாம்.

"அஞ்சாறு பேரு சார், சார்னாங்க. ஒருத்தர் மட்டும் மேடம்னாரு. பாவம், அவருக்கு வலி ஜாஸ்தி, என்ன பேசுறோம்னே தெரியல."

இப்போதைக்குக் காலையில் மட்டும் வேலை, மெல்லப் பேசினாலும் எடுத்துக் கொடுக்கிற, தலையில் மாட்டும் மைக்கோடு. மத்தியானத்துக்கு அந்தப் பெண்ணே இருக்கட்டும் என்றாராம் டாக்டர். அவளும் போகவேண்டியதில்லை. இதைவிட நல்ல முடிவை நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

நாளை கணக்குப் பரீட்சை. என்னைச் சீக்கிரம் படுக்கச் சொல்லிவிட்டு அம்மாவும் அப்பாவும் ஹாலில் பாடுகிறார்கள். பாட்டைவிடச் சண்டைதான் அதிகம். அடுத்தவர் வரியில் மூக்கை நுழைக்காதீங்க என்று அம்மா சொல்வது கதவு மூடியிருந்தும் கேட்கிறது. குரல் பழையபடி இல்லை. அடியில் கொஞ்சம் மணல் இருக்கிறது. எனக்கு இந்தக் குரலும் பிடித்திருக்கிறது.

யாருக்கு நன்றி சொல்வது என்று பட்டியல் போட்டால் டாக்டர், பயிற்சி அக்கா, பத்தொன்பது வாங்கிய அப்பா, வாயை மூடத் தெரியாத மாமா, குருவி என்று போய்க்கொண்டே இருக்கிறது. இன்றைக்குக் காலையில் ஈரத்துண்டைக் கட்டில்மேல் போட்டதற்கு அம்மா என்னை நன்றாகத் திட்டினாள். முழுத் திட்டு, நடுவில் எங்கேயும் காற்றாகப் போகாமல். தெருமுனை வரை இளித்துக்கொண்டே போனேன்.

இப்போது பாட்டு நின்றுவிட்டது. அம்மா ஹாலிலிருந்து கூப்பிடுகிறாள், இன்னுமா விளக்கு எரிகிறது என்று. முழித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பதில் சொல்லப்போவதில்லை. இன்னொரு தடவை கூப்பிடட்டும்.

கூப்பிட்டாள். இன்னும் சத்தமாக.

இன்னும் ஒரே ஒரு தடவை, அம்மா. ஒரே ஒரு

அம்மா கதவைத் தட்டுகிறா