சேமிக்காத முகவரி

இன்று காலை கணினியில் ஒரு வாடிக்கையாளரின் பதிவைத் திருத்தினேன். திருத்திய கட்டம் மஞ்சளாக மாறியது. அந்த மஞ்சள் நீ எழுதிய நிரல்.

ஈப்போவில் நம் அலுவலகம் என்றால் நீ, நான், முதலாளி, அவ்வளவுதான். பதிவில் எதை மாற்றினாலும், சேமிக்கும்வரை பழையதையும் புதியதையும் சேர்த்தே வைத்திருந்து, மாறிய கட்டத்தை மஞ்சளாகக் காட்டும்படி செய்தாய். "கண்ணுக்குத் தெரியணும்டி. இல்லாட்டி மாத்தினத மறந்துட்டு மூடிட்டுப் போயிடுவானுங்க" என்பாய்.

அன்று ஊழியர் பதிவில் உன் முகவரியையே மாற்றிக்கொண்டிருந்தாய். பீடோரில் புருஷனோடு இருந்த வீட்டுக்குப் பதிலாக, தஞ்சோங் ரம்புத்தானில் வாடகைக்குப் பேசியிருந்த அறை. "சனிக்கிழமை போறேன். அவனுக்குத் தெரியாது" என்று மஞ்சளைக் காட்டி என் காதில் சொன்னாய். சேமிப்பதற்குள் உன் புருஷன் கையில் ஹெல்மெட்டோடு கண்ணாடிக் கதவை உதைத்துத் திறந்தான்.

"ரூம் பாத்திருக்காளாமே, எங்க? கம்ப்யூட்டர்ல காட்டு லா!" என்று முதலாளியின் சட்டையைப் பிடித்தான். நீ பக்கத்தை மூடினாய். மாற்றங்கள் சேமிக்கப்படவில்லை, வெளியேறவா என்று உன் நிரலே உன்னைக் கேட்டது. ஆம் என்று அழுத்தினாய். முதலாளி தன் திரையில் உன் பதிவைத் திறந்து காட்டினார். பீடோர் வீடுதான் இருந்தது.

அப்படியும் அவன் அடங்கவில்லை. ஹெல்மெட்டால் உன் வாயில் அடித்தான். விசைப்பலகையெல்லாம் ரத்தம். நான் அவன் கையைக் கடித்தேன். சதை பிய்ந்து வந்தது. என்னை உதறிவிட்டு, உன் முடியைப் பிடித்துத் தலையை மேசையில் மோதினான். "குடும்ப விசயம், வெளிய போய் பேசுங்க லா" என்றார் முதலாளி. அவரையும் அன்றே கடித்திருக்க வேண்டும்.

அவன் போனபின் உடைந்த பல்லோடு என் வீட்டில் வந்து தங்கினாய். சனிக்கிழமை, நான் வேலைக்குப் போயிருந்தபோது, துணிமணி எடுக்க பீடோருக்குப் போனாய். அந்த வீட்டுப் படியிலேயே உன்னை அடித்துக் கொன்றான், பாவி.

இப்போது கோர்ட்டில் அவன் வக்கீல் சொல்கிறார்: நீ பிரிந்துபோக நினைத்ததே இல்லையாம், சண்டையே கிடையாதாம், வழுக்கி விழுந்தாயாம். ஆதாரமாக நம் அலுவலகப் பதிவை நீட்டுகிறார். கடைசிவரை பீடோர் முகவரிதான். சேமிக்காத மாற்றம் எங்கும் தங்காது. அதை அமைத்தவளே நீதான். முதலாளிக்கு எதுவும் ஞாபகம் இல்லையாம். உனக்கு அறை தருவதாக இருந்த அம்மா பயந்து வாயைத் திறக்கவில்லை.

நாளை சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த மஞ்சள் கட்டத்தைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அதிலிருந்த முகவரி கதவு எண்ணிலிருந்து அஞ்சல் எண்வரை எனக்கு மனப்பாடம். அவன் முகத்தைப் பார்த்தே சொல்வேன்.