சாம் அண்ணாவின் திருத்தாத வரி

என் சாம் அண்ணா, ஆராதனை நடுவில் என்னால் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியவனே,

மேலே கீபோட் இருக்கிறதா? எக்காளமும் வீணையும்தான் என்றால் நீ பாவம். ப்ளக் பொயிண்ட் இல்லாத இடத்தில் நீ எப்படிக் காலம் தள்ளுவாய்? இங்கே உன் கீபோட்டை ஜெபா அக்கா வாசிக்கிறார். நன்றாகத்தான் வாசிக்கிறார். உன்னைப் போல இரண்டாம் சரணத்தை மறந்துவிட்டு, கண்ணை மூடிப் பரவசமானது மாதிரி நடிப்பதில்லை. அதனால் எனக்குப் பொழுதே போகவில்லை.

நீ போய் ஒரு வருடம். போன ஞாயிறு சபையில் உனக்காக நினைவு ஆராதனை வைத்தார்கள். அங்கே நடந்ததை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? இதை உன்னைத் தெரியாத நாலு பேரும் வாசிக்கக்கூடும். அவர்களுக்காக ஒரு வரி: சாம், வயது இருபத்திரண்டு, வார நாட்களில் கண்டி டவுனில் உடைந்த போன்களுக்கு வைத்தியர், ஞாயிறுகளில் புசல்லாவையில் உடைந்த மனங்களுக்குப் பாட்டுக்காரர். சரியா? கடைசிப் பகுதி கொஞ்சம் ஓவர்தான். ஆனால் நீ தடுக்க வரமாட்டாய் என்ற தைரியம்.

நம் சபை டயர் கடைக்கு மேல் மாடியில். நுவரெலியா பஸ் ஹோர்ன் அடித்தால் அதையும் ஒரு ஆமென் என்று எடுத்துக்கொள்கிற சபை. புரொஜெக்டர் வயர் நீளம் போதாததால், பாட்டு வரிகளைச் சுவரில் போடும் லெப்டொப் உன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதற்குப் பின்னால் நான். நீ வலது கையால் வாசித்துக்கொண்டே இடது கையை முதுகுப் பக்கம் கொண்டுவருவாய். கையை முஷ்டியாக மடக்கினால் பல்லவி இன்னொரு தடவை. ஒரு விரல் என்றால் சரணம். கையை விரித்தால் சுவரை வெறுமையாக விட்டுவிட வேண்டும்.

அந்த வெறும் சுவர் நேரம் எனக்குப் பயம், அண்ணா. வாரம் முழுக்கத் தேயிலைக் கொழுந்துச் சுமையோடு நிமிர்ந்து நடந்தவர்கள் அந்த நேரத்தில்தான் குலுங்கிக் குலுங்கி அழுவார்கள். மனப்பாட ஜெபம் எல்லாம் நின்றுபோய், அவரவர் வாயில் வந்ததை ஆண்டவரிடம் சொல்லுவார்கள். "மகன் குடிக்கிறான் அப்பா." "கால் வலிக்குது அப்பா." அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் குறும்பு செய்தேன். பாட்டு வரிகளுக்கு நடுவில் ஒரு நொடி, "கீபோட் வாசிப்பவர் இன்று சாக்ஸ் மாற்றிப் போட்டிருக்கிறார்" என்று ஸ்லைட் போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? சபையே கையை உயர்த்தியபடி உன் காலைப் பார்த்தது. ஒன்று நீலம், ஒன்று மண்ணிறம். பரலோகம் பார்க்க வந்தவர்களுக்குப் பாதலோகம் காட்டிய ஒரே ஆள் நான்தான்.

இனிச் சிரிப்பு கொஞ்சம் குறையும். பொறுத்துக்கொள்.

பெரிய மழையில் பக்கத்து லயத்தின் வரிசை வீடுகள் மேல் மண் சரிந்த நாள். உன்னோடு கிரிக்கெட் விளையாடிய தினேஷ் அண்ணனை நீயும் பாஸ்டரும் மண்வெட்டியோடு விடிய விடியத் தேடினீர்கள். கிடைத்தபோது உயிர் இல்லை. நாம் எல்லோரும் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருந்த அந்த வாரத்தில் நீ ஒரு பாட்டு எழுதினாய்.

மண்ணு சரிஞ்ச அன்னைக்கு
மழையில நின்னு கூப்பிட்டேன்
எங்க இருந்தீங்க அப்பா, எங்க இருந்தீங்க?
இப்பவும் உங்களத்தான் கூப்பிடுறேன்.

ஒத்திகையில் பாஸ்டர் கேட்டார். கண் கலங்கித்தான் கேட்டார். ஆனாலும் சொன்னார்: "தம்பி, மெட்டு நல்லா இருக்கு. ஆனா ஆண்டவரப் பாத்து எங்க இருந்தீங்கன்னு சபையில கேக்கிறது சரியில்ல. சனங்க விசுவாசத்துல தளந்துருவாங்க. 'அருகில் இருந்தீரே'ன்னு மாத்துங்களேன்."

நீ உடனே, "சரி பாஸ்டர்" என்றாய். எனக்கு வந்த கோபத்தில் மாடிப்படியில் உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏண்ணே சரின்னு சொன்ன? ஆண்டவரு அருகில் இருந்தாரா?"

"சனங்க பாடட்டும்டி. நான் கேக்கவேண்டியத தனியாக் கேட்டுக்கிறேன்."

லெப்டொப்பில் இரண்டு ஃபைல் வைத்தாய். ஒன்று 'மழை சபைக்கு'. மற்றது 'மழை எனக்கு'. முதலாவதை ஹேவாஹெட்ட, மடுல்கெல்ல ஊர்ச் சபைகளிலும்கூடப் பாடினார்கள். இரண்டாவது நம் இருவருக்கு மட்டும் தெரிந்தது.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை ஒத்திகை. உடம்பெல்லாம் வலிக்கிறது என்று கீபோட் மேல் தலையைச் சாய்த்தாய். "ரெண்டாம் சரணம் பாடமாக்கச் சொன்னா காய்ச்சல் வருதோ?" என்று கேட்டேன். நீயும் சிரித்தாய். டெங்கு என்றார்கள். அடுத்த வெள்ளிக்கு நீ இல்லை. சொன்ன பகிடியைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஏதாவது வழி உண்டா, அண்ணா?

உன் பெட்டிக்கு முன்னால் சபை உன் பாட்டையே பாடியது. திருத்திய வரியோடு. ஸ்லைட் போட்டது நான். 'அருகில் இருந்தீரே' என்ற வரிக்கு வந்ததும், அதுவரை எல்லோருக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருந்த அம்மாவின் குரல் நின்றது. மேல் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டு பாடினால் கீழ் ரோட்டுக்குக் கேட்கிற குரல் அது. மைக்கையே வெட்கப்பட வைக்கும். அது அன்றைக்கு நின்றதுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அம்மா வந்தாள், எழுந்து நின்றாள், வாயைத் திறக்கவில்லை. வீட்டிலும் இல்லை, மலையிலும் இல்லை. "அவ விசுவாசத்துல தளந்துட்டா" என்று பேசிக்கொண்டார்கள்.

அதனால்தான் போன ஞாயிறு நான் யாரிடமும் சொல்லாமல் இரண்டாவது ஃபைலைத் திறந்தேன். ஜெபா அக்காவிடமும் சொல்லவில்லை. சொன்னால் தடுத்திருப்பார்.

முதல் இரண்டு வரி வரை எல்லாம் சரியாகப் போனது. மூன்றாவது வரி சுவரில் வந்ததும் ஜெபா அக்காவின் குரல் நின்றது. விரல் மட்டும் பழக்கத்தில் வாசித்துக்கொண்டிருந்தது. என் பக்கம் திரும்பி, "எஸ்தர், தப்பு ஸ்லைட்" என்றார். மண்டபம் முழுவதும் தலைகள் திரும்பின.

பின் வரிசைக் கதிரையிலிருந்து ஒரு குரல்: "ஐயோ, இன்னைக்குமா இந்தப் புள்ள வெளையாடுது?"

பாஸ்டர் மைக்கை எடுத்தார். "எஸ்தர் பிள்ளை, அண்ணனோட நாள்ல குறும்பு வேணாம். மாத்துங்கம்மா."

பதினேழு வயதில் முதல்முறையாக நான் விளையாடவில்லை. ஒருவரும் நம்பவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? சாக்ஸைப் பார்க்க வைத்தவள் நானில்லையா?

"இது வெளையாட்டு இல்ல பாஸ்டர். அண்ணன் எழுதினதே இதுதான்" என்றேன். தொண்டையில் பாதி, வெளியில் பாதி. கீபோட் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. என் விரல் பட்டனுக்குப் போய்விட்டது. மாற்றியே இருப்பேன்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா கேட்டாள். ஒரு வருடமாகச் சபையில் அவள் சத்தம் கேட்டவர்கள் இல்லை.

"என்னடி எழுதியிருக்கு? தூரத்து எழுத்து எனக்குத் தெரியாது. வாசி."

ஜெபா அக்கா வாசிப்பதை நிறுத்திவிட்டு மைக்கை என் கையில் தந்தார். வாசித்தேன். மூன்றாவது வரியில் என் குரல் உடைந்தது. எதையாவது சொல்லிச் சமாளிக்கிற வாய் அல்லவா எனது? அன்றைக்கு அதில் ஒரு வார்த்தையும் இல்லை. எல்லோரும் பார்க்க மூக்கு ஒழுக நின்றேன்.

"இத அவனா எழுதினான்?"

"ஆமாம்மா. தினேஷ் அண்ணன் செத்தப்ப."

அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். சண்டைக்குப் போகும்போது செருகுவாளே, அப்படி. முகத்தை மேலே தூக்கினாள். "எங்க இருந்தீங்க?" என்றாள். மெட்டு இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த ஏழு நாளும் கேட்காமல் விழுங்கியதை அப்படியே நேருக்கு நேர் கேட்டாள். கூரைத் தகரம் சூட்டில் முறிகிற சத்தம் மட்டும் கேட்டது. மறுபடி கேட்டாள். மூன்றாவது தடவை மெட்டோடு வந்தது. துருப்பிடித்துப்போன குரல், அண்ணா. சுருதிக்குப் பக்கத்திலேயே இல்லை. ஆனால் அம்மா பாடினாள்.

ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். மகன் குடிக்கிறான் என்று அழுகிறவரும், கால் வலிக்காரரும். எல்லோருக்கும் அந்தக் கேள்வி ஏற்கெனவே தெரிந்திருந்தது போல இருந்தது. பாஸ்டர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு மேடைப் படியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அதே வரியைப் பாடினார். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தார். "மண்ண வெட்டிக்கிட்டு நின்னப்ப நானும் இதத்தான் கேட்டேன், பிள்ளை. சனங்க முன்னால கேக்கப் பயந்துட்டேன். தம்பியையும் கேக்க விடல." தலையை மட்டும் ஆட்டினேன். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

இதோடு முடிந்தது என்று நினைத்துவிடாதே. சபை அடுத்த வரிக்குப் போனபோது அம்மா போகவில்லை. 'இப்பவும் உங்களத்தான் கூப்பிடுறேன்' என்று எல்லோரும் பாட, அம்மா வாயை மூடிக்கொண்டாள். பல்லவி திரும்ப வந்ததும் கேள்வியை மட்டும் பாடினாள்.

நேற்று பின்னேரம் தேயிலைச் சாயக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு அதையே முணுமுணுத்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அடுத்த வரியச் சொல்லித் தரவாம்மா?"

"தெரியும்டி. இன்னும் வரல்ல."

அவ்வளவுதான் சொன்னாள். நானும் கோப்பையைத் துடைத்து அடுக்கினேன்.

அண்ணா, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உன் கேள்வியை இனி யாரும் திருத்த விடமாட்டேன். சபை எவ்வளவு வேகமாகப் பாடினாலும், ஜெபா அக்கா முறைத்தாலும், அம்மா நிற்கிற வரியிலேயே சுவரும் நிற்கும். எத்தனை ஞாயிறு ஆனாலும் சரி. அவளுக்கு வருகிற அன்றைக்குத்தான் அடுத்த ஸ்லைட்டைப் போடுவேன்.

பட்டன் மேல் விரலை வைத்துக் காத்திருக்கும்
உன் ஒரே தங்கச்சி,
எஸ்தர்