செத்த விளக்கு

பினாங்கு, 12 ஆகஸ்ட் 1998

அன்புள்ள அம்மாவுக்கு வார்த்தினாவின் சலாம். முட்டிவலி குறைந்ததா? அப்பா சுகமா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

போன வாரம் தொழிற்சாலையில் என்னை எல்.இ.டி பிரிவிலிருந்து லேசர் பிரிவுக்கு மாற்றினார்கள். பழைய பிரிவில் எரியாத விளக்கைச் 'செத்தது' என்போம். கிட்டத்தில் பார்த்துவிட்டு ஒதுக்கிவிடுவோம். அதே பழக்கத்தில் இங்கேயும் எரியாத ஒன்றை, பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உற்றுப் பார்த்தேன்.

மேற்பார்வை பார்க்கும் நோர்மா அக்கா ஓடிவந்து என் தலையைப் பின்னால் இழுத்தார். "அடிப்பாவி, அது சாகலடி! இந்த வெளிச்சம் கண்ணுக்கே தெரியாது. அட்டையக் காட்டிப் பாருன்னு சொன்னேனா இல்லையா?" கண்ணுக்குத் தெரியாத ஒளி பட்டால் ஒளிரும் அட்டை அது. அதை விளக்கின் முன் நீட்டினார். அதில் ஆரஞ்சு நிறப் புள்ளி ஒன்று எரிந்தது.

"செத்தவன் உன்னையே மொறச்சிருக்கான், நீயும் வெக்கமில்லாம பாத்திருக்க!" என்றாள் பக்கத்து மேசை சுமர்னி. நானும் சிரித்தேன்.

வலது கண்ணில் சின்னதாக ஒரு சாம்பல் புள்ளி நிற்கிறது. தூசியாக இருக்கும். வெற்றிலை அவித்த நீரில் கண் கழுவுவீர்களே, எத்தனை இலை போட வேண்டும்? செவ்வாய்க்கிழமை எல்லோருக்கும் கண் சோதனை. தேறாதவர்களை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பலகையில் உள்ள எழுத்துகளைச் சுமர்னி எனக்கு மனப்பாடம் செய்துவைக்கிறாள்.

பஸ் வந்துவிட்டது. உங்கள் படம் பெரியதாக ஒன்று அனுப்புங்கள், அம்மா. கையிலிருக்கும் சின்னப் படத்தை வலது கண்ணால் பார்த்தால் முக்காடு தெரிகிறது, தோள் தெரிகிறது. முகத்தைக் காணவில்லை.

வார்த்தினா