வற்றாப்பளைக்குப் போன கரடி

அக்கா,

சாமிப் படத்துக்கு முன்னால் திரி கருகி மணக்கிறது. எண்ணெய் விட எழுந்தவள், கைபேசியில் வந்த படத்தைத் திரும்பவும் பார்த்தபடி சமையல் குசினி வாசலிலேயே நின்றுவிட்டேன். சின்ன வயதில் நாங்கள் பார்த்த கார்ட்டூன் கரடி கிடைத்துவிட்டது. கிடைத்தும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

கார் பற்றரியில் ஓடிய உங்கள் வீட்டுக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியின் முன்னால், வன்னியில் ஸ்கந்தபுரத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பாயில் நெருக்கியடித்து இருப்போம். கார்ட்டூன் சிங்களத்தில் பேசும். எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது. மலைநாட்டில் பிறந்து வளர்ந்த உங்களுக்குத்தான் சிங்களம் தெரியும். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் தமிழில் சொல்லுவீர்கள்.

ஒற்றைக் காதுக் கரடி ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளிக்கொண்டு ஓடும். பின்னால் ஒரு வாத்து.

"எங்கயக்கா ஓடுது?"

"வற்றாப்பளைக்கு. அம்மனுக்குக் கடல் தண்ணியில வெளக்கு ஏத்துவாங்கல்ல, அதுக்குத்தான்."

திரையெல்லாம் வெள்ளையாகப் பொங்கும். கரடி வாயைப் பிளந்து அலறும்.

"ஏனக்கா கத்துது?"

"கத்தல புள்ள. வெளக்கு எரியுதுல்ல, அம்மாளே அம்மாளேன்னு கும்புடுது."

நாங்களும் கும்பிட்டோம்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகுதான் அந்தக் கரடியைத் தேடத் தொடங்கினேன். பழைய கார்ட்டூன்களைத் தேடிச் சேர்த்து வைக்கும் குழு ஒன்றை மகள் காட்டினாள். வீட்டுக் கணக்கு எழுதும் கவனத்தோடு கதையை ஒன்றும் விடாமல் எழுதிப் போட்டேன். கிடைத்தால் வற்றாப்பளைக்கு வந்து பொங்குவதாக அம்மாளுக்கு நேர்ந்தும் வைத்தேன். "நீங்கள் சொல்லுறது கோயில் கதை, தங்கச்சி" என்று குழுவில் ஒருவர் சிரித்தார். எத்தனை தரம் கேட்டும் அதே பதில். கடைசியில் மகளுக்கே பொறுக்கவில்லை.

"அம்மா, கரடி வற்றாப்பளைக்குப் போனதெண்டு எழுதினால் ஆர் தேடித் தருவினம்? கதையை விடுங்கோ. கண்ணால கண்டதை மட்டும் எழுதுங்கோ."

ஒற்றைக் காது, ஓட்டை வாளி, வாத்து என்று எழுதினேன். அடுத்த கிழமையே படம் வந்தது. நிறப்படம்.

சிவப்பு, அக்கா. அது விளக்கில்லை. கரடியின் வீடு எரிகிறது. வாளித் தண்ணீர் அதை அணைக்கத்தான்.

மலைநாட்டில் கலவரக்காரர் உங்கள் வீட்டைக் கொளுத்தியபோது, உடுத்த துணியோடு வன்னிக்கு வந்தவர் நீங்கள். கரடி என்ன சொல்லிக் கத்தியது என்று அங்கிருந்தவர்களில் உங்களுக்கு மட்டும்தான் விளங்கியிருக்கும். நாங்கள் வளர்ந்த பிறகாவது ஒரு சொல் சொல்லியிருக்கலாமே. இப்போது நான் யாரிடம் போய்க் கேட்பது?

உங்கள் கதையையும் படத்தோடு சேர்த்து வைக்கும்படி குழுவினரிடம் கேட்டேன். அது இந்தப் படத்தின் கதை இல்லையாம், பிழையான விபரத்தைச் சேர்க்க மாட்டார்களாம். நாங்கள் பார்க்காத படத்தைத்தான் அவர்கள் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். இதை எப்படி விளங்கப்படுத்துவது? என் நேர்த்தி நிறைவேறியதா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை.

நேற்றுச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை ஓடவிட்டு, உங்கள் கதையை நானே சொன்னேன். மகள் பதிந்தாள். பாதி மறந்துவிட்டது. வாத்து என்ன சொன்னதென்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. கரடி அலறும் இடம் வந்தது. நான் சொன்னேன்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏனம்மா திடீரெண்டு வேற மாதிரிக் கதைக்கிறியள்?"

பதிந்ததைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். "கத்தல புள்ள" என்று சொல்லியிருக்கிறேன், அக்கா. எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை.