குளிர் விட்டுப் போச்சு என்றீர்களே

வேதாளை,
வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு

என் அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மாமியும் இங்கே நலம். நீங்கள் நலமாக இல்லை என்று தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். அதனால் நலம்தானா என்று கேட்டு உங்களைப் பொய் சொல்ல வைக்கப் போவதில்லை.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். போனில் நான் குளிரைப் பற்றி வாயைத் திறந்தாலே, "உம்மா சாப்பிட்டாகளா?" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அறையில் இன்னும் நாலு பேர் கேட்டுக்கொண்டு இருக்கிறார்கள் வேறு. கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது. பெரியபட்டினம் உசாமா ஞாயிற்றுக்கிழமை அங்கே வேலையில் சேர வருகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. தை பிறந்தும் மழை விடவில்லை. மாமிக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, கோபம் மட்டும் வடியவில்லை. மண்டபத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மொத்தமாகச் சீருடை தைக்கக் கேட்டிருக்கிறார்கள், பாவாடையில் மடிப்பு வைத்தே என் கழுத்து பிடித்துக்கொண்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் வீடியோவில் நீங்கள், அந்த ஊற்றுக் குளத்தில் முங்கும் வேலைக்கென்று கொடுத்த இரண்டு ரப்பர் உடைகளைத் தூக்கிக் காட்டினீர்கள். ஒன்று ஏழு மில்லிமீட்டர் தடிமன், உடம்பைக் கவ்விப் பிடிக்கும், ஜிப் இழுக்கவே பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். இன்னொன்று மூன்று மில்லிமீட்டர், உங்களுக்கு ஒரு சுற்றுப் பெரியது. "எதை எடுக்க?" என்று கேட்டீர்கள். தையற்காரி இல்லையா நான், பெரிய மனுஷியாகச் சொன்னேன்: "லூசாவே எடுங்க மச்சான், இறுக்கிப் பிடிச்சா மூச்சு முட்டும், பாக்கவும் அசிங்கமா இருக்கும்." நீங்களும் சிரித்துக்கொண்டே மெல்லியதை எடுத்துக்கொண்டீர்கள். தலைக்கும் கைக்கும் உறை மாட்டிக்கொண்ட, உங்களோடு முங்கும் வீரபத்திரன் அண்ணனுக்குப் "போர்வை" என்று பட்டப்பெயரும் வைத்தீர்கள். மாரியூர்க் கடலில் பிறந்தவருக்கு இப்படி ஒரு பயமா என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

போன செவ்வாய்க்கிழமை சொன்னீர்கள்: "மொதல்ல ரெண்டு நாளு பல்லு தந்தியடிச்சுச்சு. இப்ப ஒரே நாள்ல மூணாவது முக்கு முங்குறப்பகூட நடுக்கமே இல்ல புள்ள. குளிர் விட்டுப் போச்சு." எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் சுடிதாரை இறுக்கிப் பிடிக்கக் கொண்டுவந்த மாரிச்செல்வியிடம் அப்படியே சொன்னேன். உச்சிப்புளிப் பெண், பவளப்பாறை வேலைக்குக் கடலுக்குள் இறங்குகிறவள், வெளியூரில் குளிர்ந்த தண்ணீரிலும் முங்கியிருக்கிறாள். குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, தண்ணி எத்தன டிகிரி?" என்று கேட்டாள். பதினெட்டு என்றேன். பதினெட்டு என்ன பெரிய பதினெட்டு, கொடைக்கானலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரியவில்லையா என்றும் கேட்டேன்.

அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன். "காத்துல பதினெட்டு வேற, தண்ணில பதினெட்டு வேறக்கா. நம்ம கடலு மார்கழியிலகூட அம்புட்டுக் குளிராது. ஊத்துத் தண்ணிக்கு ஆடியும் ஒண்ணுதான், தையும் ஒண்ணுதான், எப்பவும் ஒரே குளிரு. உள்ள இருக்குற நேரமெல்லாம் ஒடம்புச் சூட்ட உறிஞ்சிக்கிட்டே இருக்கும். நடுங்குறது நல்லதுக்கா, ஒடம்பு சண்ட போடுதுன்னு அர்த்தம். சூடு ஏறாமலே நடுக்கம் நின்னுச்சுன்னா ஒடம்பு தோத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்."

மச்சான், அதைக் கேட்டதும் நீங்கள் போனில் பேசியதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை "உம்மா சாப்பிட்டாகளா" என்று நீங்கள் மூன்று தடவை கேட்டீர்கள். நாக்கு வேறு குழறியது. வேலை செய்த அலுப்பு என்று நினைத்து, "எத்தன தடவ சொல்லுறது" என்று எரிந்து விழுந்தேன். கயிற்றில் முடிச்சுப் போட வரவில்லை, விரல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை என்று நீங்கள் வேடிக்கையாகச் சொன்னதும் அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அதெல்லாம் குளிர் தலைக்கு ஏறிய அடையாளம் என்கிறாள் மாரிச்செல்வி.

தப்பு என்னுடையதுதான். ரப்பருக்கும் தோலுக்கும் நடுவே கொஞ்சம் தண்ணீர் சிறைப்பட வேண்டுமாம், அதை உடம்பு சூடாக்கி வைத்துக்கொள்ளுமாம். உடை லூசாக இருந்தால் ஒவ்வொரு தடவை கை வீசும்போதும் சூடான தண்ணீர் வெளியே போய்ப் புதுக் குளிர் உள்ளே வரும். பிடிக்கவும் விடவும் தேவைப்படுமே என்று எல்லாத் துணியிலும் ஒரு விரல் கூட்டியே தைத்துப் பழகியவள் நான். அந்தப் புத்தியை உங்கள் உயிரிலும் காட்டிவிட்டேன்.

இந்த வேலைகளைச் செய்யுங்கள். உசாமாவிடம் ஓர் இஞ்ச் டேப் கொடுத்திருக்கிறேன். என் நோட்டில் உங்கள் மார்பு முப்பத்தெட்டு என்று இருக்கிறது, வீடியோவில் பார்த்தால் இளைத்துவிட்டீர்கள், பழைய அளவை நம்ப வேண்டாம். வீரபத்திரன் அண்ணனிடம் பட்டப்பெயருக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவரையே அளந்து சொல்லச் சொல்லுங்கள். அந்த அளவுக்கு ஏழு மில்லிமீட்டர் உடையை எடுங்கள். கழுத்திலும் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சுலபமாக விரல் நுழையக் கூடாது, அக்குளிலும் இடுப்புக்குப் பின்னாலும் தொளதொளப்பு இருக்கக் கூடாது. ஆனால் ஆழமாக மூச்சு இழுக்க முடிய வேண்டும். தலையுறை, கையுறை, காலுறை மூன்றும் கட்டாயம்.

தடித்த உடை உங்களை மேலே தூக்கும், அதற்கு இடுப்பில் கட்டும் ஈயக் கட்டி கூட வேண்டும். உப்பில்லாத தண்ணீருக்கு ஈயம் குறைய வேண்டும். கடல் பழக்கத்தில் குத்துமதிப்பாகக் கட்டிக்கொண்டு இறங்காமல், கரையோரம் மிதந்து பார்த்துவிட்டுப் போங்கள். ஒரு நாளைக்கு மூன்று முக்கு என்றால் அந்த உடையும் போதாமல் போகலாமாம். தண்ணீரே உள்ளே புகாத டிரை சூட் இருக்கிறதாமே, அதை முதலாளியிடம் கேளுங்கள். ஆனால் முறையாகப் பழகாமல் அதை மாட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போகக் கூடாது. கரை ஏறியதும் ஈரத்தைக் கழற்றிவிட்டுக் காற்று படாத இடத்தில் இருக்கக் கம்பளித் துணியில் ஒரு மேல்சட்டை தைத்து அனுப்பியிருக்கிறேன். அதை மட்டும் லூசாகத்தான் தைத்திருக்கிறேன், திட்ட வேண்டாம்.

இவ்வளவும் நீங்கள் செய்ய மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். குளிருது என்று சொன்னால் இவன் தாங்க மாட்டான் என்று ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் உங்களுக்கு. அந்தப் பயத்தை உங்களுக்குள் போட்டது யார் என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

கத்தாரில் படகு கழுவும் வேலைக்குப் போய், காதில் சீழ் வைத்து நாலே மாதத்தில் திரும்பி வந்தீர்கள். பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. வாசலில் நின்று நான், "அதுக்குள்ளயா?" என்று கேட்டேன். நீங்கள் உள்ளே போய்த் தண்ணீர் குடித்தீர்கள். அதற்குப் பிறகு எங்கே வலிக்கிறது என்று ஒரு நாள்கூட என்னிடம் சொன்னதில்லை. என் கேள்வி உங்களைக் குத்திவிட்டது என்று எனக்கு அன்றைக்கே தெரியும், தெரிந்தும் ஒரு வார்த்தை சமாதானம் சொல்லவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள் மச்சான்.

சரியான உடை கொடுக்கும்வரை தண்ணீரில் இறங்க மாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லுங்கள். திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். மதுரை ஏர்போர்ட்டுக்கு நானே வந்து நிற்பேன். அடுத்த வாரமே வந்தாலும் சரி, மாமி உட்பட யாரையும் உங்களை ஒரு கேள்வி கேட்க விட மாட்டேன். "வாங்க" என்பதைத் தவிர நானும் வாய் திறக்க மாட்டேன். அல்லாஹ் உங்களை முழுசாக என்னிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள்
உம்மு ஹபீபா